கல்லீரலுக்கு மணி தெரியுமா?

ராத்திரி மாத்திரை

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று என்று எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் அதையே இன்னொரு முறை எழுதிக் கொடுப்பார். 1-0-1க்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதல் மாத்திரையின் வேகம் தணிவதற்குள் இரண்டாவது உள்ளே போக வேண்டும். ஆனால் 0-0-1 என்று இருந்தால்? நாளுக்கு ஒன்றே ஒன்றுதான் என்றால் அதை எந்த வேளையில் போட்டால் என்ன? ராத்திரி மறந்துபோனதைக் காலையில் இட்லிக்கு முன்னால் போட்டுக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

சில மாத்திரைகளுக்குக் குடி முழுகாது. தூக்கம் வரவைக்கும் என்பதால் இரவு, அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் என்பதால் காலை என்று நம் வசதிக்காகச் சொல்லப்படும் வேளைகள் உண்டு. கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் சிம்வாஸ்டாட்டின் அந்த ரகம் கிடையாது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி முட்டையிலிருந்தோ நெய்யிலிருந்தோ நேராக வருவதில்லை. உடம்பே தயாரிப்பது அது. அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்பு நாம் தூங்கும் நேரத்தில்தான் மும்முரமாக நடக்கிறது. சிம்வாஸ்டாட்டினோ சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். காலையில் போட்டால், கல்லீரல் வேலையில் இறங்கும்போது தடுக்க ஆள் இருக்காது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அடோர்வாஸ்டாட்டின் நெடுநேரம் தங்குவதால் அதற்கு யாரும் வேளை பார்ப்பதில்லை.

ஆக, கல்லீரலுக்கு மணி தெரிகிறது. கொலஸ்ட்ரால் விஷயத்தில் மட்டும்தானா? உள்ளே வரும் நஞ்சைச் சமாளிப்பது கல்லீரலின் தலையாய வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்கும் வேளை உண்டா? ஒரே நஞ்சு, ஒரே அளவு, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் தாக்குமா?

உடம்பெங்கும் கடிகாரம்

1729இல் பிரெஞ்சு அறிஞர் ழான் ஜாக் தெ மைரான் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. செடிக்குள் ஏதோ ஒன்று பொழுதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது, இரண்டரை நூற்றாண்டு கழித்துப் பழ ஈக்களின் மரபணுக்களைத் துருவிய பிறகே துலங்கியது. அதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் செல்களில் நடப்பது இது. கிளாக், பீமால்-1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அதனால் உருவாகும் பெர், கிரை என்ற புரதங்கள் மெல்ல மெல்லச் சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் திரும்பிப் போய், தங்களை உருவாக்கிய ஜோடியையே அடக்கிவிடுகின்றன. பிறகு அவை சிதைந்து தீர, ஜோடி மறுபடி எழுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இதை நாட்சுழற்சி என்று அழைப்போம்.

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட தலைமைக் கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வது அதுதான். உடம்புக்குக் கடிகாரம் என்றால் அது ஒன்றுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1998இல் ஜெனீவாவில் ஊலி ஷிப்ளரின் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த சாதாரண எலிச் செல்கள்கூட மூளையின் துணையில்லாமல் அதே சுற்றைச் சுற்றுவதைக் கண்டார்கள். 2014இல் அமெரிக்காவில் ஜான் ஹோகனெஷ் குழுவினர் சுண்டெலியின் 12 உறுப்புகளை வேளைவாரியாக அலசினார்கள். நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் மரபணுக்கள் மிக அதிகமாக இருந்தது கல்லீரலில்தான், 3,000க்கும் மேல்.

ஜெனீவாக்காரர்கள் 2017இல் இன்னொரு வேடிக்கையைச் சொன்னார்கள். இரவில் இரை தின்னும் சுண்டெலியின் கல்லீரல், அந்த ஓர் இரவுக்குள் கிட்டத்தட்ட பாதியளவு பருத்து, பகலில் பழைய அளவுக்கு இளைத்துவிடுகிறது. செல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொரு செல்லும் பருத்து இளைக்கிறது. காலையில் பார்க்கும் கல்லீரலும் மாலையில் பார்க்கும் கல்லீரலும் அளவிலேயே வேறு என்றால், உள்ளே நடக்கும் வேதியியல் மட்டும் ஒரே மாதிரி இருக்குமா என்ன?

ஒரு மாத்திரையின் வரவு செலவு

காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் பனடோல் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பதும் இதுதான். மருத்துவர் சொன்ன அளவில் இது பத்திரமான மருந்து. அளவு மீறினால் கல்லீரல் நஞ்சு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதல் காரணம் இதன் அளவு மீறல்தான்.

500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கல்லீரலை அடைந்ததும் அதன் பெரும்பகுதி இரண்டு வழிகளில் பிரிகிறது. ஏறத்தாழ பாதி, சர்க்கரையிலிருந்து வரும் குளுக்குரோனிக் அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு சல்ஃபேட்டோடு சேர்கிறது. இரண்டும் சாது, சிறுநீரில் போய்விடும். கொஞ்சம் மருந்து எந்த மாற்றமும் இல்லாமலே வெளியேறும். ஐந்திலிருந்து பத்து விழுக்காடு, அதாவது 25 முதல் 50 மில்லிகிராம், மூன்றாவது வழியில் போகிறது. வம்பு அங்கேதான். சிப்-2ஈ1 என்ற நொதி அதைப் பிடித்து, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை உருவிவிடுகிறது. மிஞ்சும் பொருளுக்கு வாய்க்குள் நுழையாத பெயர். நாப்கி என்று சுருக்கிச் சொல்வார்கள். எலெக்ட்ரானுக்குப் பேயாய் அலையும் பொருள் அது. கையில் அகப்பட்ட புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைப் பாழாக்கிவிடும்.

அதற்கு முன்னால் அதை மடக்குவது குளுட்டாதயோன். இப்படி எலெக்ட்ரானைத் தானே கொடுத்து மற்ற மூலக்கூறுகளைக் காப்பாற்றும் பொருள்களுக்குத்தான் விளம்பரங்களில் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று பெயர். தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்பி. கிரீன் டீ, மாதுளை, கருப்புத் திராட்சை என்று அந்த விளம்பரங்கள் அடுக்கும் பட்டியலில் குளுட்டாதயோன் பெரும்பாலும் இருக்காது. கடையில் வாங்க வேண்டிய அவசியமில்லாமல் நம் செல்கள் ஒவ்வொன்றும் தாமே தயாரித்துக்கொள்வது இது. குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்று மூன்றே மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறிய மூலக்கூறு. நடுவில் இருக்கும் சிஸ்டீனில் ஒரு கந்தக அணு உண்டு. வேலை செய்வது அந்தக் கந்தகமே.

ஒரு நாப்கி மூலக்கூறை மடக்க ஒரு குளுட்டாதயோன் மூலக்கூறு செலவாகும். எடைக் கணக்கில், 50 மில்லிகிராம் மருந்து மூன்றாம் வழியில் போனால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் குளுட்டாதயோன் செலவு. ஆரோக்கியமான ஒருவரின் ஒன்றரைக் கிலோ கல்லீரலில் அதன் இருப்பு தோராயமாக இரண்டு கிராமுக்குக் குறையாது. ஆகவே ஒரு மாத்திரைக்குச் செலவு இருப்பில் இருபதில் ஒரு பங்கு. அதையும் கல்லீரல் சில மணி நேரத்தில் ஈடுகட்டிக்கொள்ளும்.

அளவு மீறும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. சல்ஃபேட் வழிக்கு ஒரு வரம்பு உண்டு. அது நிறைந்ததும் மூன்றாம் வழியில் போகும் மருந்து கூடுகிறது, நாப்கி பெருகுகிறது, குளுட்டாதயோன் கரைகிறது. 1973இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ முதலானோர் சுண்டெலிகளில் இதைப் படிப்படியாக அளந்தார்கள். இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு தீரும்வரை செல்கள் தாக்குப்பிடித்தன. அதற்குக் கீழே போனதும் நாப்கி புரதங்களில் ஒட்டத் தொடங்கியது, செல்கள் மடியத் தொடங்கின. எவ்வளவு மருந்து உள்ளே போனது என்பதோடு, மருந்து வந்த நேரத்தில் இருப்பு எவ்வளவு என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

நிரம்புவதும் குறைவதும்

குளுட்டாதயோன் இருப்பு, தெருக்குழாயில் தண்ணீர் வரும் வேளையில் நிரம்பி மற்ற வேளையெல்லாம் இறங்கிக்கொண்டே போகும் வீட்டுத் தரைத்தொட்டி போன்றது. எடுப்பது எப்போதும் நடக்கிறது. கல்லீரல் தன் குளுட்டாதயோனில் ஒரு பகுதியை ரத்தத்துக்கும் பித்தத்துக்கும் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது; எலிகளில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இருப்பில் பாதி பழையது போய்ப் புதியது வந்துவிடும். வரவுக்கோ வேளை உண்டு. மூன்று அமினோ அமிலங்களில் தட்டுப்பாடானது சிஸ்டீன். அது சாப்பாட்டில் உள்ள புரதத்திலிருந்து வர வேண்டும். குளுட்டாதயோனைக் கோக்கும் நொதியும் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை.

சுண்டெலி, எலி இரண்டின் கல்லீரலிலும் இந்த ஏற்ற இறக்கத்தை 1950களின் கடைசியிலேயே அளந்திருக்கிறார்கள். இரவெல்லாம் தின்று முடித்த விலங்குக்கு விடியற்காலையிலும் காலையிலும் இருப்பு உச்சத்தில் இருக்கும். பகலெல்லாம் தூங்கி எழும் மாலையில் அடிமட்டத்தில் இருக்கும். 1973இல் பிளாஸ்டிக் தொழிலில் புழங்கும் டைகுளோரோஎத்திலீன் என்ற வேதிப்பொருளின் ஆவியை எலிகள் சுவாசித்தபோது, அதன் நச்சு வேகமும் குளுட்டாதயோனின் இந்த ஏற்ற இறக்கத்தையொட்டியே மாறியது.

ஒரே அளவு, இரண்டு வேளை

பாராசிட்டமால் சோதனை 1980களின் தொடக்கத்தில் நடந்தது. சுண்டெலிகளை 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று பழக்குவார்கள். தீனி எப்போதும் கூண்டில் இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் இருட்டில்தான் தின்னும். ஒரு கூட்டத்துக்குக் காலையில் மருந்து, இன்னொரு கூட்டத்துக்கு விளக்கணையும் மாலை வேளையில் மருந்து. எடைக்கு ஏற்ற அதே அளவு, அதே மருந்து, அதே இனச் சுண்டெலி.

மாலையில் மருந்து பெற்றவை மோசமாகப் பாதிக்கப்பட்டன. கல்லீரல் செல்கள் உடையும்போது அவற்றுக்குள் இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். நம் ஊர் பரிசோதனைக்கூடங்களில் லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் எடுக்கும்போது எஸ்ஜிபிடி என்று ஒரு வரி வருமே, அதே நொதி. மாலைக் கூட்டத்தில் அது கூடுதலாக எகிறியது.

பாராசிட்டமால் தின்ற கல்லீரலை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், சேதம் எங்கும் சமமாகப் பரவியிருக்காது. கல்லீரல் சின்னச் சின்ன மடல்களால் ஆனது. ஒவ்வொரு மடலின் நடுவிலும் ஒரு நுண்ணிய சிரை ஓடும். அந்த நடுச்சிரையைச் சுற்றியுள்ள செல்கள் மட்டும் உட்கரு மங்கி, வெளிறிய இளஞ்சிவப்பாகச் செத்துக் கிடக்கும். ஓரத்துச் செல்கள் நீல உட்கருவோடு முழுசாக இருக்கும். சீவல் முழுக்க வட்ட வட்டமாக இதே கோலம். நாப்கியைத் தயாரிக்கும் சிப்-2ஈ1 நொதி நடுச்சிரையை ஒட்டிய செல்களில்தான் மண்டிக்கிடக்கிறது. குளுட்டாதயோனோ அங்கே குறைவு. ஒரே கல்லீரலுக்குள் இடத்துக்கு இடம் பலம் வேறு என்பதை அந்த வட்டங்கள் காட்டுகின்றன. வேளைக்கு வேளை பலம் வேறு என்பதற்குச் சாட்சி, இந்த வட்டங்கள் காலையில் சிறிதாகவும் மாலையில் பெரிதாகவும் இருப்பது.

இதைப் படித்துவிட்டு, காய்ச்சல் மாத்திரையை மாலையில் போடக் கூடாது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சுண்டெலியின் மாலை நமக்கு விடிகாலை. அது அப்போதுதான் கண் விழிக்கிறது. தவிரவும் சோதனையில் கொடுத்தது நஞ்சாகும் அளவு. நாம் போடுவது இருப்பில் இருபதில் ஒரு பங்கைத் தொடும் அளவு.

கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள்

இவ்வளவு தூரம் வந்தபின், குளுட்டாதயோன் நிரம்பிய வேளையில் பிழைக்கிறது, குறைந்த வேளையில் சாகிறது என்று கதையை முடித்துவிடத் தோன்றும். நெடுநாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பிராட்ஃபீல்டின் குழு செய்த சோதனை அந்தக் கதையைச் சிக்கலாக்கியது.

அவர்கள் சுண்டெலியின் கல்லீரல் செல்களில் மட்டும் பீமால்-1 மரபணுவை நீக்கினார்கள். மூளைக் கடிகாரம் பத்திரமாக இருந்தது. சுண்டெலி வழக்கம்போல இரவில் தின்று பகலில் தூங்கியது. கல்லீரல் செல்லுக்கு மட்டும் சொந்தக் கடிகாரம் இல்லை. அந்தச் சுண்டெலிக்கு நஞ்சாகும் அளவு பாராசிட்டமால் கொடுத்தார்கள். கடிகாரம் நம்மைக் காக்கிறது என்றால் கடிகாரம் போன கல்லீரல் சுலபமாக நாசமாகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. சேதம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

காரணம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சிப்-2ஈ1 தனியாக வேலை செய்யாது. அதற்கு எலெக்ட்ரான் ஊட்டிவிட பிஓஆர் என்ற இன்னொரு நொதி வேண்டும். கல்லீரலின் கடிகாரம் இந்த ஊட்டும் நொதியின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. கடிகாரத்தை எடுத்ததும் பிஓஆர் குறைந்தது, நாப்கி தயாரிப்பும் படுத்துவிட்டது. மடக்க வேண்டிய நஞ்சே உருவாகவில்லை.

எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த முடிவு இது. கடிகாரத்தைக் காவல்காரனாக நினைக்கும் நம் ஆசையை இது கலைக்கிறது. நஞ்சை உருவாக்கும் பக்கமும் நஞ்சை மடக்கும் பக்கமும் இரண்டுமே நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. எந்த வேளையில் எது மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. பரிணாமத்தின் பார்வையில் இதில் ஆச்சரியமில்லை. சிப் வகை நொதிகள் பாராசிட்டமாலுக்காக உண்டானவை அல்ல. இரையோடு சேர்ந்து உள்ளே வரும் தாவர நச்சுகளையும் அழுகல் சரக்கையும் உருமாற்றி வெளியேற்றுவது அவற்றின் வேலை. ஆகவே தின்னும் வேளை நெருங்கும்போது அவை தயாராக இருக்க வேண்டும். சுண்டெலி கண் விழிக்கும் மாலையில் நொதிகள் ஆயத்தமாகிவிடுகின்றன. குளுட்டாதயோனை நிரப்ப வேண்டிய தீனியோ இன்னும் வயிற்றுக்குப் போகவில்லை. இந்தச் சின்ன இடைவெளியில் ஊசிபோட்ட ஆராய்ச்சியாளரை இயற்கை எதிர்பார்த்திருக்கவில்லை.

சோறு சொல்லும் நேரம்

கல்லீரல் தன் கடிகாரத்தை எதைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது? சூரியனை அது பார்ப்பதில்லை. 2000ஆம் ஆண்டில் ஷிப்ளரின் குழுவினர் சுண்டெலிகளுக்கு இரவுத் தீனியை நிறுத்தி, பகலில் மட்டும் கொடுத்தார்கள். சில நாட்களில் கல்லீரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. மூளையின் தலைமைக் கடிகாரமோ வெளிச்சத்தைப் பார்த்தபடி பழைய நேரத்திலேயே நின்றது. ஒரே உடம்பில் இரண்டு நேரம். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மைக்கேல் மெனகரின் குழு எலிகளில் இதையே வேறு முறையில் கண்டது.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர்களுக்கும் மில் தொழிலாளர்களுக்கும் இரண்டு மணிக்கு கேண்டீனில் பரோட்டா தின்னும் ஐடி ஊழியர்களுக்கும் இது வெறும் எலிக் கதை இல்லை. 2021இல் பாஸ்டனில் சாரா செல்லப்பாவும் ஃபிராங்க் ஷீரும் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து இரவு வேலைபோல விழிக்க வைத்தார்கள். ஒரு பாதிப்பேர் இரவிலும் சாப்பிட்டார்கள்; மற்றவர்கள் இரவில் விழித்திருந்தாலும் பகலில் மட்டுமே சாப்பிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடு கெட்டது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கெடவில்லை. அவர்கள் அளந்தது சர்க்கரையை, குளுட்டாதயோனை அல்ல. நாளுக்கு ஆறு முறை மனிதக் கல்லீரலில் ஊசி குத்தித் துணுக்கெடுக்க எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. அதனால்தான் இந்தத் துறையில் மனிதனைப் பற்றிய பேச்செல்லாம் சுற்றுவழியாகவே வருகிறது.

பட்டினியின் விளைவு மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். ஒரு நாள் முழுக்கத் தீனி கொடுக்காவிட்டால் எலியின் கல்லீரலில் குளுட்டாதயோன் ஏறத்தாழ பாதியாகிவிடும். காய்ச்சலில் இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறங்காத மனிதர், கூடவே தினமும் குடிப்பவர் என்றால், பாராசிட்டமால் அளவில் மருத்துவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது இதனால்தான். ஜலதோஷத்துக்கு வாங்கும் கூட்டு மாத்திரைகளிலும் இதே பாராசிட்டமால் இருக்கும் என்பதை அட்டையைத் திருப்பிப் படிக்காதவர்கள் கவனிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

அளவு மீறியவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் மாற்று மருந்து என்-அசிட்டைல் சிஸ்டீன். பெயரிலேயே சிஸ்டீன் இருக்கிறது. மருந்துக் குப்பியை உடைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், கந்தகத்தின் வாசனை. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1977இல் இதை நரம்பு வழியாகச் செலுத்திப் பலனை நிறுவினார். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். சிக்கல் என்னவென்றால், முதல் நாளில் நோயாளி குமட்டலைத் தவிர வேறு தொந்தரவு இல்லாமல் நன்றாகவே இருப்பார். நன்றாக இருக்கிறாரே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. குளுட்டாதயோன் என்ற பெயரை நம் ஊரில் பலர் முதலில் கேள்விப்படுவது நிறத்தை வெளுக்கவைக்கும் ஊசி விளம்பரத்தில். மருத்துவமனையில் உயிர்காக்கும்போதுகூட மருத்துவர்கள் அதற்கான கச்சாப் பொருளைக் கொடுத்து, தயாரிப்பைக் கல்லீரலிடம் விடுகிறார்கள். அழகு நிலையத்தில் தயாரித்த சரக்கையே நரம்பில் ஏற்றுகிறார்கள். இந்த மோகம் உச்சத்தில் இருந்த பிலிப்பைன்ஸில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட வேண்டிவந்தது.

உட்கரு இல்லாத செல்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் மரபணுதான் முதலாளி. ஆக்சிஜனேற்றத் தடுப்பு வேதியியல் அதன் பேச்சைக் கேட்டு ஆடுகிறது. 2011இல் கேம்பிரிட்ஜில் ஜான் ஓ'நீலும் அகிலேஷ் ரெட்டியும் இந்த ஒழுங்கையும் கொஞ்சம் அசைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது மனித ரத்தச் சிவப்பணு. அதற்கு உட்கரு கிடையாது. ஆகவே மரபணுவும் இல்லை, பெர்-கிரை சுற்றும் இல்லை. தன்னார்வலர்களின் சிவப்பணுக்களை இருட்டில், மாறாத வெப்பத்தில் வைத்துச் சில மணிக்கொரு முறை எடுத்துப் பார்த்தார்கள். பெராக்சிரெடாக்சின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் புரதம் அதில் ஏராளம். அதன் ஆக்சிஜனேற்ற நிலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மரபணு இல்லாமலும் நாட்சுழற்சி.

அடுத்த ஆண்டு அதே சுற்று பூஞ்சைகளிலும் பாக்டீரியாக்களிலும்கூட இருப்பதாக எழுதினார்கள். இது ஒரு தனிக் கடிகாரமா, வேறு ஏதோ வேதிவினையின் விளைவா என்ற வாதம் ஓயவில்லை. சிவப்பணுவில் இதற்கு ஹீமோகுளோபின் தானாக ஆக்சிஜனேறுவதும், பழுதான புரதத்தைச் செல் ஒழுங்காக அப்புறப்படுத்துவதும் காரணம் என்று 2014இல் கொரியக் குழு ஒன்று காட்டியது.

பகலில் பலித்த மருந்து

ஆய்வுக்கூடங்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை இயங்குகின்றன. சுண்டெலி அந்நேரம் தூங்குகிறது. மருந்துச் சோதனைகளில் பெரும்பாலானவை தூங்கும் விலங்கின் மேல் நடப்பவை.

பிபிஎன் என்று ஒரு ஆக்சிஜனேற்றத் தடுப்பி உண்டு. மூளைக்கு ரத்தம் அடைபட்ட எலிகளை அது நன்றாகக் காப்பாற்றியது. அதன் நெருங்கிய உறவான என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. முதல் பெரிய சோதனையில் நம்பிக்கை தந்து, 2007இல் வெளியான இரண்டாவது சோதனையில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் எந்தப் பலனும் காட்டாமல் படுத்தது. எலியில் பலித்தது மனிதனில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு வயது, மருந்து கொடுக்கத் தாமதம், சோதனையின் தரம் என்று ஏகப்பட்ட காரணங்கள் சொல்லப்பட்டன.

2020இல் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் பிபிஎன் உட்பட மூன்று சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு, கொறிவிலங்குகளில் பகலிலும் இரவிலும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பகலில், அதாவது அவை ஓய்ந்திருக்கும் வேளையில், மூன்றும் மூளைச் சேதத்தைக் குறைத்தன. அவை விழித்துத் திரியும் இரவில் மூன்றும் கைவிட்டன. மனிதர்களைப் பக்கவாதம் அதிகம் தாக்குவது காலைப் பொழுதில், நாம் எழுந்து நடமாடும் வேளையில்.

புதிய மருந்து ஒன்றின் எலிச் சோதனை அறிக்கை கையில் கிடைத்தால், மருந்தின் அளவைச் சொல்லும் வரிக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்ற வரி இருக்கிறதா என்று நான் முதலில் தேடுவது வழக்கமாகிவிட்டது. பலவற்றில் அந்த வரி இருப்பதில்லை.